வராந்தா பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அம்மா எழுதும் திறந்த மடல்

தலைமை ஆசிரியை அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

ஜூன் இரண்டாவது வாரம் என் மகளின் டைரியில் ஒட்டி அனுப்பிய சுற்றறிக்கை இப்போது என் முன்னால் இருக்கிறது. மொத்தம் நான்கு வரி. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நீதிபோதனை வகுப்பு அனைவருக்கும் கட்டாயம், விலக்கு கேட்டு வரும் கடிதங்கள் இனி ஏற்கப்படாது, இந்தப் பாடத்தின் மதிப்பெண் மொத்தத்தில் சேரும், உடன்பாடு இல்லாத பெற்றோர் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். கீழே பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஏன் என்று இரண்டு முறை உங்கள் அறைக்கு வந்து சொன்னேன். ‘மேலே கேட்டுச் சொல்கிறோம்’ என்றீர்கள். கடிதமாகவும் கொடுத்தேன், இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், என்னைப் போலவே அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறு பெற்றோரும் இருப்பார்கள் என்ற எண்ணத்தில்.

முதலில் ஒன்று. நம் பள்ளி எந்த மதத்தாரின் பள்ளி, நான் எந்த மதம், இரண்டையும் இந்த மடலில் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த நிமிடமே இது ‘அவங்க மதம், நம்ம மதம்’ என்ற சண்டையாகிவிடும், என் பெண்ணின் பிரச்சினை அதில் காணாமல் போய்விடும். தவிர இது ஒரு மதத்தாரின் பள்ளியில் மட்டும் நடப்பதும் இல்லை. வேறு மாவட்டத்தில் என் தம்பி மகன் படிக்கும் பள்ளியை நடத்துகிறவர்கள் வேறு மதத்தார். அங்கே அந்த வகுப்புக்குப் பண்பாட்டு வகுப்பு என்று பெயர், மனப்பாடம் செய்யச் சொல்லும் வரிகள் வேறு, மற்றபடி எல்லாம் இதேதான். எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு. தினமும் வேண்டிக்கொள்கிறவள்தான். பள்ளியில் மதமே கூடாது என்று கேட்டு நான் வரவில்லை. என் பிள்ளைக்கு எந்த நம்பிக்கையைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்யும் முன் என்னையும் அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நீதிபோதனை என்றால் நல்லதுதானே, பொய் சொல்லாதே திருடாதே என்பதைத்தானே சொல்கிறோம், இதற்குப் போய் விலக்கா என்று நிர்வாகத்திலிருந்து ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்காக என் மகளின் எட்டாம் வகுப்பு நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு. முதல் மூன்று பக்கத்தில் நேர்மை, பெரியவர்களுக்கு மரியாதை, சிக்கனம். நான்காம் பக்கத்திலிருந்து கடைசிவரை வேண்டுதல்கள், வேத வசனங்கள், அவற்றுக்கு விளக்கம், கேள்வி பதில். ஒரு கேள்வி: ‘உண்மையான கடவுளை நாம் எப்படி அறிகிறோம்?’ அதற்குப் பதிலாக நான்கு வரி எழுதிப்போட்டிருக்கிறார்கள், அதை மாற்றாமல் எழுதினால் ஐந்து மதிப்பெண். என் மகள் தன் சொந்த வார்த்தையில் எழுதிய பதிலின் குறுக்கே சிவப்பு மையில் கோடு. நாணயத்தையும் சிக்கனத்தையும் நீதிபோதனை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். உண்மையான கடவுள் யார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் சரி, மற்றதெல்லாம் தப்பு என்று திருத்துவது மதப் போதனை. அட்டையில் எந்தப் பெயரை எழுதி ஒட்டினாலும் அது அதுதான்.

அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் போன வருடம் முதன்முதலாக விலக்கு கேட்டுக் கடிதம் கொடுத்தேன். நீங்கள் மறுக்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. ஆனால் விலக்கு என்று நீங்கள் கொடுத்தது என்ன? வாரம் இரண்டு பீரியட், வியாழக்கிழமை மூன்றாவதும் வெள்ளிக்கிழமை ஐந்தாவதும், வகுப்புக்கு வெளியே வராந்தாவில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் போட்டிருக்கும் பெஞ்ச். அதில் அவள் தனியாக உட்கார வேண்டும். நூலகத்துக்கு அனுப்ப ஆள் இல்லை என்றார்கள். சரி என்று நானும் விட்டுவிட்டேன், அது என் தப்பு. அந்த பெஞ்ச் யாருக்கானது என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். வீட்டுப்பாடம் எழுதாதவர்கள், பாவாடை நீளம் குறைந்தவர்கள், வாய் பேசியதற்காக வெளியே அனுப்பப்பட்டவர்கள் உட்காரும் இடம் அது. அந்தப் பக்கமாகப் போகிற ஆசிரியைகள் எல்லாம் ‘என்ன தப்பு பண்ணின?’ என்று கேட்டுவிட்டுப் போவார்களாம். முதல் சில வாரம் அவள் நின்று விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் விளக்குவதை நிறுத்திவிட்டு, ‘ஹோம்வொர்க் எழுதலை மிஸ்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். ஒரு நாளும் வீட்டுப்பாடம் எழுதாமல் போகாத பிள்ளை. இதை அவள் என்னிடம் சொன்னது ஏழு மாதம் கழித்து, தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி. ‘அம்மா, நான் உள்ளேயே உட்கார்ந்துக்கறேனே, எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்றாள்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, உள்ளே வா என்று இழுக்கவும் இல்லை. வெளியே இருப்பதை அவ்வளவு கஷ்டமாக்கினால் போதும், பதின்மூன்று வயசுப் பெண் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் அதையே அவள் விருப்பம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

இந்த வருடம் அதற்கு மதிப்பெண்ணும் சேர்ந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடாததால் அவள் இன்னும் அந்த பெஞ்சில்தான் உட்கார்கிறாள். முதல் இடைப்பருவத் தேர்வு ரேங்க் கார்டு போன வாரம் வந்தது. ஐந்து பாடத்தில் 250க்கு 221. ஆறாவது வரியில் நீதிபோதனை, 50க்கு பூஜ்யம். மொத்தம் 300க்கு 221. 88 சதவீதமாக இருக்க வேண்டியது 74க்குக் கீழே போய்விட்டது, நான்காவது ரேங்க் பதினேழாவது ஆகிவிட்டது. ரேங்க்கைப் பெரிதாக நினைக்கிற அம்மா இல்லை நான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் தன் பெயருக்கு நேரே அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கிறாள், வகுப்பே அதைப் பார்க்கிறது, அதற்குக் காரணம் அவள் அம்மாவின் மனசாட்சி என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அரசியலமைப்புச் சட்டம் கொடுக்கவில்லை. அதன் 28ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு பெரிய சட்ட மொழி எல்லாம் இல்லை, நம்மால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிற ஒரே வாக்கியம். அரசின் அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் எவரையும், அங்கே நடக்கும் மதப் போதனையில் பங்கேற்கும்படியோ வழிபாட்டில் கலந்துகொள்ளும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது. அவரே அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும், மைனராக இருந்தால் காப்பாளர் சம்மதித்திருக்க வேண்டும். இவ்வளவுதான். அங்கீகாரம் ‘அல்லது’ நிதி என்று இருப்பதைப் பாருங்கள். நம் பள்ளி இரண்டும் பெறுவது. அரசு உதவியே வாங்காத, அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியையும் இது கட்டுப்படுத்தும்.

இதைப் பலமுறை படித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளாக ‘விலக்கு கொடுங்கள்’ என்று உங்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேனே, அந்தக் கேள்வியே தலைகீழ். விலக்கு கேட்டு நான் கடிதம் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சம்மதம் கேட்டு நீங்கள்தான் எனக்குக் கடிதம் எழுத வேண்டும். நான் வாயே திறக்காவிட்டால் என் பிள்ளை அந்த வகுப்பில் இல்லை என்று பொருள். இங்கே நடப்பதோ, நாங்கள் வாய் திறக்காவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே என்று. என்னைப் போல எதிர்த்துப் பேசுகிற ஒருத்தியின் பெண்ணைவிட, பேசப் பயப்படுகிற நூறு பேரின் பிள்ளைகள்தான் இதில் அகப்படுகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நான் எழுந்து பேசி உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த அம்மா என் காதருகே வந்து ‘நானும் இதையேதான் நினைக்கிறேன், எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்’ என்றார். வம்பு என்று ஒரு தாய் நினைத்தபிறகு அவர் மௌனத்தைச் சம்மதமாக எப்படி எடுத்துக்கொள்வது?

சேர்க்கை விண்ணப்பத்தில் ‘பள்ளியின் அனைத்து நிகழ்வுகளிலும் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருப்பதாக எடுத்துக் காட்டினீர்கள். போட்டேன். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்று, கடைசியில் மேசைக்கு வந்து, எட்டுப் பக்கப் படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் போட்டேன். விளையாட்டு விழாவுக்கும் மதப் போதனைக்கும் சேர்த்து ஒரே வரியில் வாங்கிய கையெழுத்து அது. எதற்கு என்று தெரிந்து, வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்பிருந்து, அப்புறம் கொடுப்பதுதான் சம்மதம்.

சிறுபான்மைப் பள்ளி, எங்களுக்கு 30ஆவது பிரிவின் உரிமை இருக்கிறது என்று எல்லாத் தரப்பு நிர்வாகத்திலும் ஒரு பேச்சு உண்டு. அந்த உரிமையை மதிக்கிறேன், அது இருந்தாக வேண்டும் என்றும் நினைக்கிறேன். அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் என் அம்மா தலைமுறைப் பெண்களில் பலர் எழுத்துக்கூட்டிக்கூடப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளியை நிறுவி நடத்தும் உரிமை ஒன்று, வந்து சேர்ந்த பிள்ளையின் மனசாட்சி மேல் உரிமை இன்னொன்று. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை 28ஆவது பிரிவை, அப்போது வரைவில் அது 22ஆவது பிரிவு, விவாதித்தபோது, அரசுப் பணம் ஒரு பகுதி வாங்கும் பள்ளியில்கூட மதப் போதனை கூடாது என்று சபை உறுப்பினர் கே.டி. ஷா கேட்டார். சபை அதை ஏற்கவில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதப் போதனை கிடையாது, உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம், ஆனால் சம்மதித்தவர்களுக்கு மட்டும் என்று முடிவானது. அதாவது அந்த வகுப்பை நடத்த உங்களுக்குக் கிடைத்த இடமும், வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கிடைத்த இடமும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. பாதியை வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப்போட முடியாது.

நான் இதே பள்ளியில் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் காலத்தில் வியாழக்கிழமை மணி அடித்ததும் அந்த மதத்துப் பிள்ளைகள் ஒரு அறைக்குப் போவார்கள், மற்றவர்கள் எல்லாம் இன்னோர் அறைக்கு. எங்கள் அறையில் அன்றைய நாளிதழை எடுத்து வந்து டீச்சர் ஒரு செய்தி வாசிப்பார். ரயிலில் கிடைத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஒருவரைப் பற்றியோ, வரதட்சணைக்காகச் செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றியோ. வாசித்துவிட்டு ‘நீ அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவ?’ என்று ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்பார். சரியான பதில் என்று அவர் எதையும் கரும்பலகையில் எழுதியதில்லை. முப்பது வருடம் ஆகிறது, வாக்களிக்கப் போகும்போதும் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கும்போதும் இன்றைக்கும் அந்த டீச்சரின் கேள்விதான் எனக்கு ஞாபகம் வருகிறது. யாரையும் வராந்தாவில் உட்கார வைக்காமல் இந்தப் பள்ளியே நடத்திக் காட்டிய வழி அது. ஆசிரியர் பற்றாக்குறையால் இரண்டு அறையையும் ஒன்றாக்கினோம் என்கிறீர்கள். ஆள் இல்லை என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. அதற்கு விலை கொடுக்க வேண்டியது ஏன் சம்மதிக்காத பிள்ளைகளாகவே இருக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

மதங்களைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவே கூடாதா என்றும் கேட்கிறீர்கள். தாராளமாகத் தெரிந்துகொள்ளட்டும், எல்லா மதத்தையும். 1964 முதல் 66 வரை இருந்த கோத்தாரி கல்விக் குழு, ஒரு மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று பிரித்துச் சொன்னது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மதங்களைப் பற்றிப் படிப்பதை 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்றது. நம் தமிழ்ப் பாடத்தையே பாருங்கள். சேக்கிழாரும் உமறுப்புலவரும் வீரமாமுனிவரும் பாடப் புத்தகத்தில் வந்தவர்கள்தான். என் மூத்தவள் பத்தாம் வகுப்பில் தேம்பாவணி படித்தாள், தாய் எலிசபெத் இறந்த பின் கருணையன் அழுகிற பாட்டு. ராத்திரி சமையலறை வாசலில் நின்று அவள் சத்தமாக மனப்பாடம் செய்ய, தோசைக் கரண்டியைக் கையில் வைத்தபடி நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது எந்த மதத்துக் காவியம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, விலக்கு கேட்டு யாரும் கடிதம் எழுதவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டை நம்பச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. பொருள் தெரிகிறதா, அழகு தெரிகிறதா என்றுதான் கேட்டார்கள்.

காலைப் பிரேயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மகள் எல்லோருடனும் எழுந்து, தலை நிமிராமல் அமைதியாக நிற்கிறாள். கை கூப்பச் சொல்லி அவள் தோளைத் தட்டுவதை நிறுத்துங்கள். 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் மத நம்பிக்கை இடம் தராததால் பாடவில்லை, அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. தேசிய கீதத்துக்கே வாய் திறக்காமல் நிற்கலாம் என்றால், சம்மதமே கேட்காத வேண்டுதலுக்கு ஒரு பெண் கை கூப்பாமல் நிற்பது எப்படி ஒழுங்கீனமாகும்?

விலக்கு வேண்டுமென்றால் காரணத்தை விவரமாக எழுதுங்கள் என்று போன வருடம் கேட்டீர்கள். நானும் என் வீட்டு நம்பிக்கை, கல்யாணக் கதை எல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் ஆசிரியர் அறையில் கைமாறியது என்று பின்னால் தெரிந்தபோது கூசிப்போனேன். 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இதைத் தொட்டது. ஒன்று கிறிஸ்தவத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்த நார்வேயின் மதப் பாடம் பற்றி, மற்றது துருக்கியின் கட்டாய மதப் பாடத்தை எதிர்த்து, அங்கே சிறுபான்மையாக இருக்கும் அலெவி என்ற முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பம் கொண்டுவந்தது. விலக்கு பெறுவதற்காகப் பெற்றோர் தங்கள் உள்மன நம்பிக்கையைப் பள்ளியிடம் வெளிப்படுத்த வேண்டியிருப்பதே தவறு என்பது இரண்டு தீர்ப்பிலும் இருக்கிறது. அந்த நீதிமன்றம் நம்மைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் அந்த நியாயம் இங்கேயும் நியாயம்தான்.

நான் கேட்பது இவை. ஜூன் மாதச் சுற்றறிக்கையை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள், டி.சி. பற்றிய வரியை அது வந்த அதே டைரிப் பக்கத்தில் ரத்து செய்து அனுப்புங்கள், ஏனென்றால் அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தனியாக ஒரு சம்மதப் படிவம் கொடுங்கள். வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கப்படும், எந்த நூலிலிருந்து என்பது அதில் இருக்கட்டும். சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம் போதும், காரணம் எழுத இடம் வேண்டாம். படிவம் திரும்பி வராவிட்டால் அந்தப் பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்கள் மனதையும் கேளுங்கள்; போக விரும்புகிற பிள்ளையைத் தடுக்கிற பெற்றோரும் இருக்கிறார்கள், அவர்களும் வீட்டில் உட்கார்ந்து பேசட்டும்.

நீதிபோதனை மதிப்பெண்ணை மொத்தத்திலிருந்தும் ரேங்க்கிலிருந்தும் எடுத்துவிட்டு, முதல் இடைப்பருவத் தேர்வு ரேங்க் கார்டை எல்லோருக்கும் திருத்திக் கொடுங்கள். வகுப்பை நாளின் முதல் பீரியடிலோ கடைசி பீரியடிலோ வையுங்கள். 1870இலேயே இங்கிலாந்தின் தொடக்கக் கல்விச் சட்டம் மதப் பாடத்தைப் பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் வைக்க வேண்டும் என்றது, வேண்டாதவர்கள் வேறு பாடத்தை இழக்காமல் விலகிக்கொள்வதற்காக. நமக்கு இன்று அது முடியாத காரியம் இல்லை. சம்மதிக்காத பிள்ளைகளுக்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஒரு நாளிதழும் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், வாரம் இரண்டு பீரியட் வந்து உட்கார நான் தயார், என்னோடு படித்த இன்னும் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே மடலை 28ஆவது பிரிவின் நகலோடு மாவட்டக் கல்வி அதிகாரிக்குக் கொடுப்பேன், அங்கேயும் நடக்கவில்லையென்றால் நீதிமன்றத்துக்கும் போவேன். என் மகளுக்கு டி.சி. வாங்க மாட்டேன். ஆனால் ஒன்றுக்கு மட்டும் மாத இறுதிவரை காத்திருக்க முடியாது. வருகிற வியாழக்கிழமை மூன்றாவது பீரியடுக்கு அவளை நூலகத்துக்கு அனுப்புங்கள். வழியில் யாராவது ‘என்ன தப்பு பண்ணின?’ என்று கேட்டால், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தியின் அம்மா, இதே பள்ளியின் பழைய மாணவி